எங்களுக்கு முன்பே வந்த துணிகள்

லாச்சப்பலுக்குத் தமிழர் எப்போது வந்தார்கள் என்று எங்கள் இளையோர் கூட்டத்தில் கேட்டால் இரண்டு விடைகள் வரும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ‘83க்குப் பிறகு’ என்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்துப் பிள்ளைகள், ‘நாங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டோம்’ என்பார்கள். 1962இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இரண்டு விடையும் சரிதான். ஆனால் எங்கள் கடற்கரையின் கைவேலை, எங்களில் எவருக்கும் முன்னால், ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரத்துக்கு வந்துவிட்டது. அது வந்தது துணியாக.

வீட்டுக்கு ஒரு துணி என்று சேர்த்துப் பங்கு மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணியிருக்கிறோம். வெறும் சீலைகளைத் தொங்கவிட்டால் அது ஃபோபூர் சென்-தெனி வீதிக் கடைபோல ஆகிவிடும் என்று ஒரு அக்கா சொன்னார். அதனால் துணிகளின் கதையைத் தேடத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

கொலேஜில் மொலியேரின் ‘கனவானாக ஆசைப்பட்ட வணிகன்’ நாடகம் படித்தவர்களுக்கு மொசியூ ஜூர்தேனைத் தெரியும். 1670இல் மேடையேறிய நாடகம் அது. பெரிய மனிதர்போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக அவர் ஓர் ‘அந்தியேன்’ அங்கி தைத்துப் போட்டுக்கொள்வார். அந்தியேன் என்றால் இந்தியத் துணி, பூவும் கொடியும் வண்ணத்தில் எழுதிய பருத்தித் துணி. அந்தக் காலத்தில் அதில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து, அதாவது மசூலிப்பட்டினம் தொடங்கி நாகப்பட்டினம் வரையுள்ள ஊர்களிலிருந்து கப்பலேறியது. ஐரோப்பாவில் பருத்தியில் நிலையான சாயம் ஏற்ற யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர்கள் போட்ட நிறம் தோய்த்தால் போய்விடும். எங்கள் ஊர்த் துணியைத் தோய்க்கத் தோய்க்க நிறம் பளிச்சிடும். கடைக்காரருக்கு வேறு விளம்பரம் தேவைப்பட்டிருக்காது.

பட்டும் கம்பளியும் நெய்த பிரெஞ்சு முதலாளிகள் அரசனிடம் முறையிட்டார்கள். 1686 ஒக்டோபர் 26இல் பதினான்காம் லூயியின் அரசு இந்தியத் துணி இறக்குமதியைத் தடை செய்தது. உள்நாட்டில் அதைப்போல் அச்சிடுவதும் தடை. கடத்துபவர்களுக்குக் கடுந்தண்டனை, உடுத்துபவர்களுக்கு அபராதம். தடை 73 ஆண்டுகள் நீடித்து 1759இல்தான் நீங்கியது. அத்தனை ஆண்டும் சீமாட்டிகள் வீட்டுக்குள் அதை உடுத்திக்கொண்டே இருந்தார்கள். பேப்பர் இல்லாமல் இந்த நாட்டில் இருந்தவர்கள் எங்கள் சித்தப்பாமார் மட்டுமல்ல, எங்கள் துணியும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னான். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம்.

தடை இருந்த காலத்தில்தான் பிரெஞ்சுக்காரர் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத் தீவிரமாக முயன்றார்கள். 1734ஆம் ஆண்டளவில் பொலியு என்ற கப்பல் தலைவர் புதுச்சேரியில் ஓவியர்களைத் தன் கண்முன்னே ஒரு துணியை எழுதி முடிக்கச் செய்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டு எடுத்துவைத்து, நடந்ததைக் குறித்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்த 11 துண்டுகள் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து இன்றும் பாரிசில் இருக்கின்றன. தாவரத் தோட்டத்தை ஒட்டிய தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகம்தான் அந்த இடம். கார் து நோரில் ஐந்தாம் இலக்க மெட்ரோ ஏறினால் மாறாமலே ஓஸ்தர்லிட்ஸ் போகலாம், அங்கிருந்து நடைதூரம்.

அடுத்தது எங்கள் திருச்சபையோடு தொடர்புடைய கதை. இயேசு சபைக் குருவானவர் கஸ்தோன் லோரோன் கேர்து 1691இல் பூர்ஜ் நகரில் பிறந்தவர். 1732இல் இந்தியா வந்து, 1779இல் புதுச்சேரியிலேயே இறந்தார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் என்று மொழியியலார் அவரைப் போற்றுவார்கள். துணி வரலாறு படிப்பவர்கள் அவரை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 1742 ஜனவரியில் பாரிசிலிருந்த தம் சபைக் குருவானவர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம், சோழமண்டலத்தில் துணி எழுதும் முறை முழுவதையும் விவரிக்கிறது. அது அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது.

அந்த முறை இப்படி இருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, அடித்து மெருகேற்ற வேண்டும். படத்தைக் காகிதத்தில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூள் தட்டினால் புள்ளிக் கோடு விழும். கறுப்புக்கு இரும்பை ஊறவைத்த புளித்த கரைசல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு சாயவேர் போட்ட நீரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு, நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது, நீலத்தின்மேல் மஞ்சள். இடையிடையே சாண நீர், வெயில், திரும்பத் திரும்பக் கழுவல். ஒரு நல்ல துணி முடிய வாரங்கள் ஆகும். தமிழில் இந்த வேலையைத் ‘துணிக்குச் சாயம் போடுதல்’ என்று மட்டும் சொல்வதில்லை, சித்திரம் ‘எழுதுதல்’ என்றும் சொல்வோம். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களில் சில குடும்பங்கள் இன்றைக்கும் கோயில் திரைச்சீலைகளை இப்படி எழுதுகின்றன.

குருவானவரின் பிரெஞ்சுக் கடிதத்தில் கடுக்காயும் சாயவேரும் ஏறக்குறைய எங்கள் உச்சரிப்பிலேயே வருகின்றன. அந்தச் சொற்களை அவருக்குச் சொன்னவர்கள் யார்? அவரே எழுதுகிறார்: கிறிஸ்தவராகிய புது விசுவாசிகளிடையே இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் கேட்டு அறிந்தேன் என்று. கடிதம் எழுதியவரின் பெயர் எங்களுக்குத் தெரியும், யாருக்கு எழுதினார் என்பதும் தெரியும். வித்தையைச் சொல்லிக்கொடுத்த கிறிஸ்தவ ஓவியர்களின் பெயர் அதில் இல்லை. ஞானஸ்நானத்தின்போது ஒரு பெயர் நிச்சயம் கொடுத்திருப்பார்கள். சவரிமுத்து, ஞானப்பிரகாசம், மரியதாஸ் என்று எதுவாகவும் இருந்திருக்கலாம்.

இது களவா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தொழில் இரகசியத்தை வாங்கி நாடு கடத்துவது களவுதான் என்றார்கள் சிலர். எழுதிவைத்ததால்தானே இன்றைக்கு நாங்கள் படிக்கிறோம், எங்களவர் தாங்களாக எழுதிவைக்கவில்லையே என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வித்தையை எழுதியதைவிட, பெயரை எழுதாமல் விட்டதுதான் எங்களுக்கு அதிகம் உறுத்துகிறது. வித்தை பரவலாம். ஆளை மறந்துவிட்டு அது பரவுவதுதான் குறை.

சாயவேர் பற்றி யாழ்ப்பாணத்தார், மன்னாரார் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிவப்பைக் கொடுத்த வேர் எங்கள் மணல் நிலங்களிலும் விளைந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டுவது கொம்பனியின் கட்டுப்பாட்டில் இருந்தது. குறிப்பிட்ட சாதியார் அதைத் தோண்டிக் கொடுப்பது கட்டாய ஊழியம். எனவே அருங்காட்சியகங்களில் நாங்கள் பார்த்து வியக்கும் சிவப்பில் ஓவியரின் கையோடு, கூலியில்லாமல் மண்ணைத் தோண்டியவர்களின் கையும் உண்டு. எங்கள் பழம்பெருமை பேசும்போது இந்தப் பகுதி வழக்கமாக விடுபட்டுப்போகிறது.

தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், வெர்சாய்க்குப் பக்கத்தில் ஜூயி-ஆன்-ஜோசாவில் துணி அச்சிடும் தொழிற்சாலை தொடங்கியது. தொடங்கியவர் ஒபர்காம்ப் என்ற ஜெர்மன் இளைஞர், லூத்தரன் குடும்பம். பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. ‘துவால் து ஜூயி’ என்று இன்றைக்குப் பிரெஞ்சுப் பண்பாட்டின் அடையாளமாகச் சொல்லப்படும் துணி, சோழமண்டலத்து வித்தையைப் பின்பற்றி ஒரு வெளிநாட்டுக்காரர் நிறுவிய தொழிலில் பிறந்தது. அடையாளம் என்பது எவ்வளவு தூய்மையானது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு துணியைக் காட்டினால் போதும்.

இதுவரை சொன்னது அழகான துணி. இனி நீலத் துணி.

புதுச்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெய்து, அவுரியில் முக்கிக் கருநீலமாக்கிய முரட்டுப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் ‘கினே’ என்று பெயர் வைத்தார்கள். ஆபிரிக்காவின் கினிக் கரைக்குப் போகும் துணி என்பதால் அந்தப் பெயர். செனெகல் ஆற்றங்கரையில் அது காசாகவே புழங்கியது. கருவேலம் பிசின் இத்தனை எடைக்கு இத்தனை கினே என்று கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிசினுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் விலையாக அது கொடுக்கப்பட்டது. அடிமை வியாபாரிகள் ஆபிரிக்கக் கரைக்கு ஏற்றிச்சென்ற பண்டங்களில் இந்தியத் துணிகளுக்குப் பெரிய இடம் இருந்தது. நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. ஆனால் பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்குத் தெரிந்துவிட்டது. லாச்சப்பலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஷாத்தோ ரூஜ். அங்கே செனெகல், மாலிக் கடைகளில் வண்ணத் துணி வாங்கும் ஆபிரிக்கப் பெண்களின் பக்கத்தில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கு வாங்குகிறோம். அவர்களுடைய முன்னோருக்கும் எங்களுடைய முன்னோருக்கும் இடையே ஏற்கெனவே ஒரு துணிக் கணக்கு இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கு அத்தோடு முடியவில்லை. 1848இல் பிரான்சு அடிமைத்தனத்தை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ஓரெலி என்ற கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினிக் தீவிலும், 1854இல் நத்தாரை ஒட்டிக் குவாதலூப்பிலும் முதல் தொகுதியை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 பேர் போனார்கள். துணி கொடுத்து வாங்கப்பட்டவர்கள் விடுதலை பெற்றுப் போன வயலுக்கு, துணி நெய்த கரையின் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள்.

அவர்கள் இறங்கியபோது ஒரு பழக்கமான பொருள் அங்கே முன்னதாகவே இருந்தது. கட்டம் போட்ட சென்னைப் பருத்தித் துணி. மத்ராஸ் என்றே அதற்குப் பெயர். அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே வணிகக் கப்பலில் போய், ஆபிரிக்க வழிப் பெண்களின் தலைக்கட்டாகியிருந்தது. மஞ்சள் நிறம் இன்னும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டங்களின்மேல் தூரிகையால் மஞ்சள் பூசுவதையே தொழிலாகச் செய்த பெண்கள் மார்த்தினிக்கில் இருந்தார்கள். இன்றைக்கு அந்தத் தீவுகளின் தேசிய உடைபோல எல்லா விழாவிலும் காண்பது மத்ராஸ்தான். தமிழ் பேசி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் தமிழை இழந்துவிட்டார்கள். சிதம்பரம் என்ற பெயர் ‘சிதம்பரோம்’ ஆனது. அந்தப் பெயர் கொண்ட ஆன்ரி சிதம்பரோம் என்பவர்தான் இந்திய வழிவந்தோரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடினார். மொழி போனது, பெயர் திரிந்தது, துணி நின்றது. ஆனால் நின்ற துணி எங்களுடையது என்று நாங்கள் உரிமை கொண்டாட முடியுமா? அதைத் தலையில் முடிந்து தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவள் ஆபிரிக்கத் தாய். எங்கள் கருத்தில், அது இப்போது அவளுடையது.

கைத்தறி போய் ஆலை வந்த காலத்தையும் தொட்டுச்செல்ல வேண்டும். 1936 யூனில் பிரெஞ்சுத் தொழிலாளர் சம்பளத்தோடு விடுமுறையும் நாற்பது மணி நேர வாரமும் பெற்றதை லீசேயில் படிக்கிறோம். மறு மாதம், யூலை 30ஆம் திகதி, அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில், சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அங்கே மறு ஆண்டுதான் கிடைத்தது. இந்தப் பன்னிரண்டு பேர் எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. புதுச்சேரியில் யூலை 30ஐ இன்னும் நினைவுகூர்கிறார்கள். எங்கள் பங்கிலும் ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி எங்கள் சூட்கேஸ்கள்.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் அதிகம் கொண்டுவரவில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி மூன்று நாலு நாடு சுற்றி வந்தவர்களிடம் ஒரு தோள்பைதான் இருந்தது. ஆனாலும் கண்காட்சிக்காகக் கேட்கத் தொடங்கியபோது துணிகள் வெளிவந்தன. கூறைச்சீலையின் முந்தானையில் வெட்டித் தைத்த ஞானஸ்நான உடுப்பு ஒன்று. மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் போட்ட முதல்நன்மைச் சட்டை ஒன்று. கொழும்பு லொட்ஜில் வாங்கி, மொஸ்கோவில் குளிருக்குக் கழுத்தில் சுற்றிய சாரம் ஒன்று. மடு மாதாவின் சுருவத்துக்குச் சாத்திய சீலையின் ஒரு துண்டை, செபப்புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார் ஓர் அம்மம்மா. தறப்பாள் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். இது துணியா என்று கேட்டோம். எட்டு மாதம் அதுதான் எங்கள் சுவர் என்று பதில் வந்தது. வைக்கிறோம்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததை எங்கள் வீடுகளில் சொல்லாத ஆண்டு இல்லை. நாவற்குழி வீதி, மழை, சைக்கிளில் கட்டிய துணி மூட்டை. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கொடுத்தது இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர். இதை எழுத வேண்டுமா என்று எங்களுக்குள்ளே கேள்வி வந்தது. துணியைப் பற்றி எழுதிக்கொண்டு இதை விடமுடியாது. யாழ்ப்பாணத்தில் துணி விற்றவர்களிலும் சட்டை தைத்தவர்களிலும் முஸ்லிம்கள் பலர். எங்கள் அம்மாமாரின் கலியாணச் சட்டையின் தையல் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் கேட்டபோது, ‘சோனகதெருத் தையல்காரர், கை நல்ல நேர்த்தி’ என்றார்கள். பெயர் நினைவில்லை. குருவானவரின் கடிதத்தில் இல்லாமற்போன பெயரைப்போல இதுவும் போய்விட்டது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள்.

துணியால் இப்படிப்பட்ட நினைவைச் சொல்லும் வேலையைச் சிலர் கலையாகவே செய்கிறார்கள். ஹேமா ஷிரோணி 1991இல் இலங்கையில் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். வீடு மாறிமாறிப் போன அனுபவத்தையும் போர் விட்டுப்போனதையும் துணியில் ஊசி நூலால் தைக்கிறார். சிலியில் பினோசேயின் ஆட்சியில் கணவரையும் பிள்ளைகளையும் காணாமற்போகக் கொடுத்த பெண்கள், சாக்குத்துணியில் கந்தல் துண்டுகளை வைத்துத் தங்களுக்கு நடந்ததைத் தைத்தார்கள். அந்தத் துணிப்படங்களுக்கு ‘ஆர்பிஜெரா’ என்று பெயர். அவர்களுக்கு இடமும் துணையும் கொடுத்தது கத்தோலிக்கத் திருச்சபை. கர்தினால் சில்வா என்றிக்கேஸ் 1976இல் சந்தியாகோவில் நிறுவிய ஒருமைப்பாட்டு அலுவலகம் அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக்கொடுத்தது. பத்திரிகை எழுத முடியாததை அந்தக் கந்தல்கள் எழுதின. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது படங்கள். எங்கள் பங்கிலும் அப்படிப் படம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் படம் இல்லை, சேர்ட் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கண்காட்சிக்குக் கேட்கவில்லை. அவர்களாகத் தந்தால் வைப்போம்.

ஒவ்வொரு துணிக்கும் ஓர் அட்டை எழுதுகிறோம். யார் நெய்தது அல்லது தைத்தது, எங்கே வாங்கியது, யார் உடுத்தியது, எந்த வழியாக வந்தது. தமிழிலும் பிரெஞ்சிலும். பெயர் தெரிந்தால் முழுப் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடியல்ல, வீட்டில் கூப்பிட்டபடி.

துணி தருகிறவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் எங்களிடம் கொடுக்கலாம். பெட்டியில் கிடந்தது அழுக்காக இருக்கிறதே என்று தோய்த்துக்கொண்டு வர வேண்டாம். இஸ்திரிக்கையும் போட வேண்டாம். கறை இருந்தால் அது எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள், அட்டையில் இடம் விட்டிருக்கிறோம்.